பின் பிரேக்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்பக்கச் சந்தில் பைக்குகள் வரிசையாக நின்றன. ஷட்டர் இன்னும் ஏறவில்லை. வீடு வீடாகப் போய் ரத்தக் குழாய்களை வாங்கி வருகிறவர்கள் அவரவர் வண்டிமேல் உட்கார்ந்தும் சாய்ந்தும் காத்திருந்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. ஒருவன் செயினைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்தான். இன்னொருவன் முன்சக்கரத்தைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை ஆட்டினான். எல்லாம் கம்பெனியின் வண்டிகள். ஒரே மாடல், ஒரே வயது, நூறு சிசி. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் எல்லாவற்றிலும் எப்போதோ செத்துவிட்டது. எவ்வளவு ஓடியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

"எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா," என்றாள் கண்ணாடியக்கா. "சுத்தி இருக்கறதுதான் ஒவ்வொண்ணா போகுது. எங்க வீட்டுக்காரர் மாதிரி. முட்டி போச்சு, இடுப்பு போச்சு, வாய் மட்டும் ஓடிட்டே இருக்கு."

சிரித்தார்கள். அந்த வரிசையில் அவள் ஒருத்திதான் பெண். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சிறுத்துத் தெரியும். எல்லோரையும்விட மெதுவாக ஓட்டுவாள். ஒரு குழாயைக்கூட உடைத்ததில்லை.

"போன தடவை போட்ட செயின் இப்பவே தொங்குது," என்றான் ஒருவன். "புதுசுன்னுதானே போட்டாங்க."

"புதுசு கம்பெனிக்கு வந்திருக்கும். நம்ம வண்டிக்கு வந்துச்சாங்கறதுதான் கேள்வி."

பேச்சு அங்கேயே நின்றது. வரிசைக் கடைசியில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க உட்கார்ந்திருந்த நெட்டையின் ஞாபகம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. கம்பெனி மெக்கானிக் நெட்டையின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். நெட்டைக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான்.

நெட்டை ஹெல்மெட் பட்டையை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தான். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாததைத்தான் அவனும் சில வாரங்களாக நினைத்துக்கொண்டிருந்தான். அவன் வண்டியில் பின் பிரேக் பிடிப்பதில்லை. போன சர்வீஸில் புது பிரேக் ஷூ மாட்டியதாகச் சொன்னார்கள். மாட்டிய வாரத்திலேயே பெடல் பழையபடி கீழே இறங்கிவிட்டது. மறுநாள் மறுபடியும் வண்டியைச் சர்வீஸுக்கு விடும் முறை.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கழற்றினான். டிரம்முக்குள் பிறைநிலா மாதிரி இரண்டு பிரேக் ஷூக்கள் இருந்தன. சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய ரப்பர் போன்ற பட்டை தேய்ந்து, சில இடங்களில் உலோகம் எட்டிப் பார்த்தது. ஆணியால் ஒரு ஷூவின் முதுகில் பெருக்கல் குறி போட்டான். ஆழமாகக் கீறினான்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இது?"

"சும்மா. அடையாளத்துக்கு."

"நாளைக்கு எங்கண்ணன் மாத்தினாரா இல்லையான்னு தொறந்து பாக்கப் போறீங்க."

அவன் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டினான்.

"அவரு இல்லன்னா இந்த வேலையே கிடையாது உங்களுக்கு."

"வேலை குடுத்தாரு, சரி. பிரேக் குடுக்கலையே. புதுசா வர்ற சாமானெல்லாம் எங்க போகுது? அவர் வீட்டுல ஃப்ரிட்ஜ் மட்டும் வந்து நிக்குது."

"அது ஓடாத ஃப்ரிட்ஜ். யாரோ தூக்கிப் போட்டது. அண்ணி அதுல துணி மடிச்சு வெச்சிருக்காங்க. போய்த் தொறந்து பாருங்க, அதையும்."

அவள் உள்ளே போய்விட்டாள். சக்கரத்தை மாட்டி முடித்துக் கை கழுவ வந்தபோது, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. அவன் வந்ததும் பேச்சு நின்றது.

மறுநாள் சாயங்காலம் சர்வீஸ் முடிந்து வண்டி திரும்பி வந்தது. தெருமுனையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெடலில் கால் பட்டதும் சக்கரம் சொன்ன பேச்சுக் கேட்டது. இருந்தும் வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தான். பெருக்கல் குறி இல்லை. வேறு ஷூக்கள் இருந்தன. பட்டை ஒரே சீராக, தடிமனாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தான். மேலே லேசான பழுப்பு ஓடியிருந்தது. அது கிரீஸாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

"பாத்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பாத்தேன்."

"நிம்மதியா?"

தலையை ஆட்டினான். அடுத்த நாள் மச்சானைப் பார்த்தபோது அவனுக்கு முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மச்சான் எப்போதும்போல, "பிரேக் எப்படி மாப்ள?" என்று கேட்டார். "கல்லு மாதிரி நிக்குது மச்சான்," என்றான்.

காலை வரிசையில் இருந்தவர்களுக்கு இது பிடிபடாமல் போகவில்லை. அவன் வந்து நிற்கும்போது அவன் வண்டி மட்டும் கீச்சென்று கத்தாமல் நின்றது. "உன் வண்டிக்கு மட்டும் மாப்பிள்ளை மரியாதை," என்றான் ஒருவன். சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவன் வந்தால் வரிசையில் பேச்சு குறைந்தது. செயினைப் பற்றியும் பேரிங்கைப் பற்றியும் அவன் காதுபட யாரும் பேசுவதில்லை.

கண்ணாடியக்கா மட்டும் ஒரு நாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்க மச்சான் என் வண்டிய ஏதாவது பாத்தாரா?"

"தெரியலையேக்கா. ஏன்?"

"என் முறை இன்னும் வரவேயில்லை. ஆனா போன வாரம் மதியம் குழாயெல்லாம் ஒப்படைச்சிட்டு, சாப்பிட்டுட்டு வந்து பாக்கறேன், பின்சக்கரத்துல கிரீஸ் கை. அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. அதுலேர்ந்து பெடல் ஆழமா போகுது."

"மச்சான்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பின்னாடி கம்பியில நட்டை நாலு சுத்து முறுக்கிட்டு, சரியாப் போச்சுன்னார். என் மூஞ்சியைப் பாக்கலை." அவள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். "நீ ஏதாவது கேள்விப்பட்டா சொல்லு."

அவன் எதையும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் என்ன பதில் வரும் என்று ஒரு பயம் இருந்தது. அதை அவன் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரிக்கு இறங்கும் சாலையில் கண்ணாடியக்கா விழுந்தாள். அவனுடைய தடம் பக்கத்தில் இருந்ததால் அலுவலகம் அவனைத்தான் போகச் சொன்னது. அவன் போனபோது கூட்டம் கூடியிருந்தது. சாலையில் அவ்வளவு ரத்தம். யாரோ ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அருகே போனபோதுதான் பை வாய் திறந்து கிடப்பதும், உடைந்த குழாய்களின் சின்னச் சின்ன மூடிகள் சிதறியிருப்பதும் தெரிந்தன. அது அவளுடைய ரத்தம் இல்லை. அன்று காலை அவள் ஏறி இறங்கிய அத்தனை வீடுகளின் ரத்தம்.

அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. கண்ணாடியின் ஒரு பக்கம் போய்விட்டது.

"மிதிச்சேன்," என்றாள். "மிதிச்சா அங்க ஒண்ணுமே இல்லை. காத்துல கால் வெச்ச மாதிரி. அப்புறம் முன் பிரேக்கைப் பிடிச்சேன், சறுக்கிடுச்சு."

அவளை ஆட்டோவில் ஏற்றி அவசரச் சிகிச்சைக்கு அனுப்பினான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் எதிரில் இருந்த பஞ்சர் கடையில் நிறுத்தினான். கடைக்காரரிடம் ஸ்பேனர் வாங்கி அங்கேயே பின்சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் டிரம் கையோடு வந்தது. உள்ளே இருந்த ஷூக்களைக் கடைக்காரரும் குனிந்து பார்த்தார்.

"இதுல எப்படிப்பா ஓட்டினாங்க? தகடு மட்டும்தான் இருக்கு."

நெட்டை ஒன்றைத் திருப்பினான். முதுகில் பெருக்கல் குறி இருந்தது. அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆனால் அவன் ஆழமாகத்தான் கீறியிருந்தான்.

மச்சானின் ஷெட்டு பரிசோதனைக் கூடத்துச் சந்தின் கோடியில் தகரக் கூரையோடு இருந்தது. அவர் ஒரு சக்கரத்தில் ட்யூபைச் சொருகிக்கொண்டிருந்தார். நெட்டை ஷூவை அவர் வேலை மேஜைமேல் வைத்தான். குறி மேலே தெரியும்படி வைத்தான்.

மச்சான் அதைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக்காவுக்கு எப்படி இருக்கு?"

"கை உடைஞ்சிருக்கு. புதுசெல்லாம் எங்க மச்சான் போகுது?"

அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் காலால் இழுத்தார். உள்ளே பளபளப்பான பிளாஸ்டிக் கவர்களில் சாமான்கள் இருந்தன. ஒன்றைக் கிழித்து நீட்டினார்.

"மோந்து பாரு."

மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"புதுசுன்னு வர்றது இதுதான். பழசைக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சு, கவர்ல போட்டு வருது. செயினும் அப்படித்தான், பேரிங்கும் அப்படித்தான். மேனேஜரோட சொந்தக்காரர் கடை. ஒரு தடவை கேட்டேன். மாட்டறதுக்குத்தான் உனக்குச் சம்பளம்னாரு."

"அப்ப என் வண்டியில இப்ப இருக்கறது?"

மச்சான் துணியை மடித்தார்.

"அது நல்லது."

"எங்கேர்ந்து வந்துது?"

வெளியே யாரோ வண்டியை உதைத்தார்கள். எஞ்சின் முதல் உதையிலேயே பிடித்து, பிசிறில்லாமல் ஓடியது. அந்தச் சத்தம் சந்தைத் தாண்டிப் போகும்வரை மச்சான் காத்திருந்தார்.

"அந்தக்கா மெதுவா ஓட்டும். பிரேக்கே அதிகம் பிடிக்காது. நல்ல சாமான் வந்துட்டிருந்த காலத்துல நான் போட்டது. அப்படியே இருந்துச்சு." அவர் குரல் இன்னும் இறங்கியது. "தங்கச்சி போன் பண்ணி அழுதா. அவரு உன்னைச் சந்தேகப்படறாரு, இந்தத் தடவையாவது நல்லதா போட்டுக் குடு, இல்லன்னா இந்தப் பேச்சு வீட்டை விட்டுப் போகாதுன்னா. நான் நல்லதுக்கு எங்க மாப்ள போறது? இந்தச் சந்துல இருந்தது அது ஒரு ஜோடிதான்."

"என்னோடதை அதுல மாட்டிட்டீங்க."

"மெதுவா ஓட்டறவங்கதானே, கொஞ்ச நாள் ஓடும்னு நெனச்சேன். அடுத்த பெட்டியில சுமாரா ஏதாவது வந்தா மாத்திடலாம்னு இருந்தேன்."

நெட்டை ஷூவை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மச்சான் தடுக்கவில்லை.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"நல்லதா போடுன்னுதான் சொன்னேன்," என்றாள் கடைசியில். "யார்கிட்டேருந்து எடுன்னு நான் சொல்லலை."

"நானும்தான் சொல்லலை," என்றான்.

கண்ணாடியக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. கை மாவுக்கட்டில் இருந்தது. கண்ணாடியின் உடைந்த பக்கத்தில் அட்டை வைத்து டேப் ஒட்டியிருந்தாள். அவள் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி கம்பெனிக்காரர்களின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். நெட்டையைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"கம்பெனி அனுப்பிச்சுதா, நீயா வந்தியா?" என்று கேட்டாள்.

"நானாத்தான் வந்தேன்க்கா."

அவன் சொன்னான். பெருக்கல் குறியிலிருந்து மனைவியின் போன் வரைக்கும் எதையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உன் வண்டி இப்ப நல்லா பிடிக்குதா?"

"பிடிக்குதுக்கா."

"அப்ப அது என்னோடதுதான்."

அவன் பாக்கெட்டிலிருந்து ஷூவை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"நாளைக்கு மேனேஜர் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கார்," என்றாள். "குழாய் உடைஞ்சதுக்கு யார் பொறுப்புன்னு பாக்கணுமாம். இந்த ஷூவை அங்க வெச்சு, இப்ப சொன்னதை அப்படியே சொல்லுவியா?"

"சொல்றேன்."

"உங்க மச்சான் பேரும் வரும்."

"வரட்டும்க்கா."

அவள் கண்ணாடியைக் கழற்றி இடது கையால் மடியில் துடைத்தாள். "பாக்கலாம்," என்றாள். அவள் அவனை நம்பவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

மேனேஜரின் அறையில் மின்விசிறி ஓடியது. நாற்காலி ஒன்றில் கண்ணாடியக்கா கட்டுப் போட்ட கையை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தாள். மச்சான் கதவோரம் நின்றார். நெட்டை ஷூவை மேஜைமேல் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தான். மண்ணெண்ணெய் வாடையையும் சொன்னான். கடை யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மேனேஜர் பேனா முனையால் ஷூவைப் புரட்டினார்.

"இந்தக் கீறல் யார் போட்டது?"

"நான்தான் சார்."

"எங்க வெச்சு?"

"வீட்டுல."

"கம்பெனி வண்டியை வீட்டுல வெச்சு கழட்டியிருக்க. யாரைக் கேட்டு?"

நெட்டை மச்சானைப் பார்த்தான். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விபத்து நடந்த வண்டியையும் நீதான் தொறந்திருக்க," என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை. நோயாளியிடம் விவரம் கேட்பதைப் போலக் கேட்டார். "நம்ம ஆளுங்க யாரும் அங்க இல்லை."

"பஞ்சர் கடைக்காரர் பாத்தார் சார்."

"அவர் யாரு, எனக்குத் தெரியாது. நீ பாக்கெட்டுலேர்ந்து ஒரு தேஞ்ச ஷூவை எடுத்து வெக்கற. உன் கீறல் அதுல இருக்கு. உன் வண்டியோடதுன்னு நீயே சொல்ற. இது அந்தம்மா வண்டிக்குள்ள இருந்ததுன்னு நான் எப்படி நம்பறது? சாமானை மாத்தி விக்கறவங்க யாருன்னு நாங்களும் கொஞ்ச நாளா பாத்துட்டுத்தான் இருக்கோம்."

மேனேஜர் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"நீ இதை மாட்டினியா?"

மச்சான் கதவிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். ஒரு கணம் அவர் வாயைத் திறந்த விதத்தைப் பார்த்து, சொல்லிவிடப் போகிறார் என்றே நெட்டை நினைத்தான்.

"நான் கவர்ல வந்ததைத்தான் சார் மாட்டினேன்."

"கவர்ல வந்தது புதுசு."

"ஆமா சார்."

மேனேஜர் ஷூவை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு கண்ணாடியக்காவைப் பார்த்தார். நிதானமாக, அக்கறையோடுதான் கேட்டார்.

"உங்க கண்ணாடி என்ன பவரும்மா?"

அவளுக்குக் கேள்வி புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்றவரையும் பார்க்கவில்லை. நெட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு, எழுந்து நிற்பதற்கு இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்தாள்.

கண் டாக்டரிடம் சான்று வாங்கி வரும்வரை அவளுக்கு வேலை இல்லை என்று ஆயிற்று. நெட்டையை அனுப்பவில்லை. ஒரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார்கள். இனிமேல் ஓட்டுபவர்கள் யாரும் சக்கரத்தைக் கழற்றக் கூடாது, கழற்றினால் தெரியும்படி நட்டுகளுக்கு முத்திரை வைக்கப்படும் என்று உத்தரவு வந்தது. வரிசையில் இருந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு நெட்டையைப் பார்த்தார்கள். அவனால் வந்ததுதான் இது என்று ஒருவன் முணுமுணுத்தான். ஷூவைக் காட்டிக் காரியம் சாதிக்கப் பார்த்தான், மச்சானும் மாப்பிள்ளையும் பங்கு பிரிப்பதில் சண்டை என்றான் இன்னொருவன்.

முத்திரை வைப்பதற்கு முதல் நாள் நெட்டை ஷெட்டுக்குப் போனான்.

"என் வண்டியில இருக்கறதைக் கழட்டி அந்தக்கா வண்டியிலேயே மாட்டிடுங்க மச்சான். இப்பவே."

"இனி எதையும் எடுத்து எதுலயும் மாட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த வண்டிக்குக் கவர்ல இருந்ததைப் போட்டாச்சு."

"யாருக்குத் தெரியப் போகுது?"

மச்சான் தலையை அசைத்துச் சந்துப் பக்கம் காட்டினார். வரிசையில் இருந்தவர்களில் இரண்டு பேர் அங்கே நின்று, இவர்கள் இருவரையுமே கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை மச்சான் ஒரு சின்ன டப்பாவில் சிவப்புப் பெயிண்ட்டும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வரிசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் குந்தி உட்கார்ந்து, சக்கரத்து நட்டின் மேல் பெயிண்ட்டை அப்பினார். யார் வண்டி என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. நெட்டையின் வண்டிக்கு வந்தபோதும் பார்க்கவில்லை. தூரிகை நட்டைச் சுற்றி ஒரு முறை வந்தது. அவர் அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

கண்ணாடியக்காவின் வண்டியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரை விழுந்த ஆள். மூடிப்போன ஏதோ தொழிற்சாலையிலிருந்து வந்தவர் என்று சொன்னார்கள். ரத்தக் குழாய்ப் பையை மார்போடு குறுக்காக மாட்டிக்கொண்டு, பட்டையின் நீளத்தை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு வலது காலால் பிரேக் பெடலை மிதித்தார். பெடல் இறங்கியது. மேலும் இறங்கி, அடியில் போய் நின்றது. அவர் காலை எடுத்து மறுபடி மிதித்தார்.

"எல்லா வண்டியும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

ஒருவன் குனிந்து தன் செயினைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்தான். நெட்டை வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்றவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, பழகிடும்," என்று அவரே சொல்லிக்கொண்டார். உதைத்தார். எஞ்சின் முதல் உதையிலேயே பிடித்தது. நட்டிலிருந்து வழிந்த சிவப்புப் பெயிண்ட் ஒரு கோடாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது காய்வதற்குள் வண்டி சந்து முனையைத் தாண்டிவிட்டது.